மரியாதைக்குரிய ஓர் இருமல்

போன வாரம் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பண்டாரவளையில் வாங்கிய கச்சான் கடலையின் தோல் ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமினேன். ஒரே ஒரு இருமல்தான்... முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா சட்டென்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டார். ஹப்புத்தளைக் குளிர் மொத்தமும் பஸ்ஸுக்குள் வந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எதற்குத்தான் நான் கோபப்படுவதில்லை? ஆனால் அன்று வரவில்லை. எழுந்துபோய் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லலாமா என்று கூடத் தோன்றியது. போன வருஷமே யாராவது ஒருவர் என் இருமலைக் கேட்டு இப்படி ஜன்னலைத் திறந்திருக்கக் கூடாதா?

அன்றுதான் பதுளை மார்பு நோய் கிளினிக்கில் "இனி மருந்து வேண்டாம், போய் வாங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆமாம், எனக்குக் காசநோய். டீபி. ஆறு மாதமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் பஸ், மழை, மிளகாய் விலை என்று எதையெதையோ புலம்பிய நான், இதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு கூச்சம். இப்போது கூச்சம் போய்விட்டது. நன்றிதான் மிச்சம் இருக்கிறது. அதை யாருக்கெல்லாம் சொல்வது என்று எண்ணிப் பார்த்தால், முதல் ஆளாக நிற்பது என் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண்.

அதற்கு முன்னால் என் இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு: கொழுந்து வந்து இறங்கியதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறும் வரை அத்தனைக்கும் பொறுப்பான ஆள். தோட்டத்தில் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்பார்கள். ஸ்டோருக்குள் எப்போதும் தேயிலைத் தூசி பறந்துகொண்டே இருக்கும். சலிக்கும் அறையில் நின்றால் தலைமுடி, மூக்கு, சட்டைப்பை எல்லாவற்றிலும் தூள். ஆகவே ஸ்டோரில் வேலை செய்தவர்கள் எல்லோரும் இருமுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இருமுவார்கள். அதற்குப் பெயரே 'ஸ்டோர் இருமல்'. தோட்டத்தில் யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. சர்வீஸுக்குக் கிடைத்த அடையாளம் மாதிரி அது... பென்ஷன் கிடைக்காதவனுக்கும் கிடைக்கும்.

எனக்கும் இருமல் வந்தது. ஸ்டோர் இருமல் என்று நான் சொன்னேன். ஸ்டோர் இருமல் என்று மனைவி சொன்னாள். டவுனில் நான் வழக்கமாகப் போகும் டொக்டரும் அதையே சொன்னார்.

நல்ல மனிதர் அவர். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். வரிசையில் இருப்பவர்களை விலக்கி உள்ளே கூப்பிடுவார். ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் இருந்தாள். "இருமல் எத்தனை கிழமையா? பதுளைக்குப் போய்ச் சளியைக் காட்டிட்டு வா. போகாம இங்க வராத" என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். அடுத்தது நான். "வாங்க ஐயா, வாங்க! அந்தக் காலத்துத் தூசி இன்னும் விடல போல..." என்று சிரித்துக்கொண்டே சிரப் எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை அன்டிபயோட்டிக். அதற்கடுத்த முறை வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப். ஒரு தடவைகூட 'சளியைக் காட்டுங்கள்' என்று கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்? டீமேக்கர் ஐயாவிடம் ஒரு கப்பை நீட்டித் துப்பச் சொல்வதா?

அவரைக் குறை சொல்லவில்லை. கேட்டிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

இதற்குள் என் பெல்ட் மூன்று ஓட்டை உள்ளே போய்விட்டது. சீனியைக் குறைத்த பலன் என்று சந்தோஷப்பட்டேன். இரவில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்த்தது. மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய புதுப் போர்வையின் மேல் பழியைப் போட்டேன். படித்தவனுக்கு இது ஒரு வசதி. எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பெயர் செல்வராணி. மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சேர்ந்தவள். ஜோர்தானில் கார்மெண்ட் பெக்டரியில் வேலை செய்துவிட்டு வந்தவள். ஹல்துமுல்லை ரோட்டோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கையும் ஸ்கூல் யூனிபோர்மும் தைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஜோர்தானுக்குப் போக வேண்டும் என்பது அவள் திட்டம். மகளைப் படிக்க வைக்க வேண்டும், லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு கட்ட வேண்டும். அதற்காகக் கொழும்புக்குப் போய் மெடிக்கல் செய்தாள். அவர்கள் நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

திரும்பி வந்தவள் மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மிதிக்கவில்லை.

"பெயிலாயிட்டேங்கம்மா" என்றாள் என் மனைவியிடம். "நெஞ்சுல என்னமோ நிழல் மாதிரி தெரியுதாம். ஏஜென்சிக்காரரு சொல்றாரு, ரெண்டு மாசம் ஊருல போய் முட்டையும் பாலுமா சாப்பிட்டுட்டு வா, வேற எடத்துல படம் எடுத்துக்கலாம்னு."

"சாப்பிட்டா நிழல் போயிருமாடி?"

"அதத்தான் நானும் கேட்டேன். எடம் மாறினா போயிருமாம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் அழுதாள். அங்கே ஹொஸ்டலில் இருக்கும்போதே இருமல் இருந்ததாம். இரவில் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமுவாளாம். இருமுகிறவளை அடுத்த பிளைட்டில் ஏற்றிவிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் பயம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கும் இருமல். அவளும் தலையணையைத்தான் வைத்துக்கொண்டாளாம். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஏஜென்சிக்காரர் சொன்னபடி அவள் முட்டை சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எம்புள்ள என்னோட தானேம்மா படுக்குது" என்று சொல்லி, மறுநாள் காலை பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். மருந்து தொடங்கியாயிற்று. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

ரோட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "வெளிநாட்டுல இருந்து கொண்டாந்துட்டா" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. "நம்ம முன்னறையிலதானா இந்தக் கண்றாவி வரணும்?" என்று மனைவியிடம் சொன்னேன்... சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மனைவி என்னைப் பார்த்தாள். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்தக் கிழமையே சுகாதாரப் பரிசோதகர் மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினார். சிங்கள இளைஞர். நிறுத்தி நிதானமாகத் தமிழ் பேசினார்.

"ஐயாவுக்கு ரெண்டு கிழமைக்கு மேலே இருமல் இருக்குதா?"

"இருக்கு. அது ஸ்டோர் இருமல்."

"அது என்ன இருமல்?"

விளக்கினேன். தூசி, சலிக்கும் அறை, சர்வீஸ்... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்களுக்குப் படிப்பிச்சதுல அப்படி ஒரு இருமல் இல்லையே ஐயா" என்றார். "பதுளைக்குப் போய் ஒருக்காச் சளியைக் காட்டுங்க."

"யார் உங்ககிட்ட என் பேரச் சொன்னது?"

அவர் கையிலிருந்த பைலைப் புரட்டினார். சொல்லக்கூடாதாம். தையல் மெஷின் நின்றது.

"நாந்தாங்கய்யா சொன்னேன்" என்றாள் செல்வராணி. "பக்கத்துல இருமுறவங்க யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. எங்க ஐயா என்னைய விடப் பலமா இருமுவாங்கன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"நீ கொண்டுவந்ததை என் தலையில கட்டப் பாக்குறியா?"

"நான் உங்க வீட்டுல மெஷின் போட வந்த அன்னிக்கே நீங்க இருமிக்கிட்டுத்தானய்யா கதவத் தொறந்தீங்க!"

மனைவி உள்ளேயிருந்து, "அதுக்கு முன்னாடியும் இருமினாருடி" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் ஒரு பக்கம் நின்றால் என்ன செய்வது? ஆனாலும் நான் போயிருக்க மாட்டேன். போக வைத்தது வேறு விஷயம். எங்கள் மகள் வனிதாவுக்கு அப்போது நாலாம் மாதம். முதல் பிரசவம். நம் வழக்கப்படி தாய்வீட்டில்தான். குழந்தை பிறந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் வரும். நான் இருமுகிற இந்த வீட்டுக்கு.

"பேரப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு இருமப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. அவ்வளவுதான்.

பதுளைக்குப் போனோம். கையில் ஒரு சிறிய கப்பைக் கொடுத்தார்கள். வெளியே காற்றாட ஒரு மூலை. "நெஞ்சிலிருந்து வரணும் ஐயா, எச்சில் வேணாம்" என்றார் நர்ஸ் மிஸ். போய்த் துப்பினேன். எச்சில். திரும்பப் போனேன். மறுபடியும் எச்சில்.

இதை ஒரு டீமேக்கர் சொல்ல வெட்கப்பட வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் துப்பிக்கொண்டே இருந்தவன். கோப்பை கோப்பையாகத் தேநீரை ஊற்றி வைத்து, கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டிப் பார்த்துத் துப்ப வேண்டும். ருசி பார்ப்பது அப்படித்தான். எட்ட இருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் துப்புவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கப்பில் துப்ப வரவில்லை.

அன்று செல்வராணியும் கிளினிக்குக்கு வந்திருந்தாள். பெஞ்சிலிருந்தபடியே கத்தினாள்: "ஐயா! மூச்ச நல்லா உள்ள இழுத்துப் புடிச்சு... ஸ்டோர்ல ஆளுங்கள வெரட்டுவீங்களே, அந்த மாதிரி!" பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சளி வந்துவிட்டது.

ரிசல்ட்டும் வந்தது. கிருமி இருக்கிறது.

கிளினிக் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயது, சோர்ந்த கண்கள். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கேட்க நினைத்த முதல் கேள்வியைக் கேட்டேன். "டொக்டர், இது அந்தப் பிள்ளையிடமிருந்து எனக்கு வந்ததா? இல்லை..."

"ஐயா, ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு நாங்கள் பாக்கிறேல்லை" என்றார். "ஆரிட்ட இன்னும் இருக்கெண்டுதான் தேடுறம். ஆனா உங்கட படத்தப் பாத்தா, இது இப்ப வந்து குந்தினது இல்லை. கனகாலமா வாடகை குடுக்காம இருக்கிறார்."

அதற்குப் பிறகு ரோட்டில் யாராவது 'வெளிநாட்டு நோய்' என்றால் நானே போய்ச் சண்டை போட்டேன்.

மனைவிக்கும் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. இத்தனை காலம் என் பக்கத்தில் படுத்தும் தொற்றவில்லை. "உங்க பேச்சக் கேக்கப் புடிக்காம அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்ல, அதான்" என்றாள்.

மகளிடம் போனில் சொன்னதுதான் கஷ்டம். "உங்களுக்கா அப்பா?" என்றாள். அதையே எல்லோரும் கேட்டார்கள். உங்களுக்கா? செல்வராணியிடம் யாரும் 'உனக்கா' என்று கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

வனிதாவின் மாமியார் போனை வாங்கி மரியாதையாகவே சொன்னார். "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. புள்ளை பெறுறது இங்கேயே இருக்கட்டும். உங்க வீட்டுக்கு இப்ப அனுப்ப மாட்டோம்." அவர் சொன்னதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மனைவி அன்று சமைக்கவில்லை. மகளின் பிரசவத்துக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை எடுத்து அலுமாரியின் அடித்தட்டுக்குள் போட்டாள்.

டொக்டரிடம் போய்க் கேட்டேன். எப்போது என் பேரப்பிள்ளையைத் தூக்கலாம்?

"மருந்த ஒழுங்கா எடுங்கோ. ரெண்டு மாசத்தில திருப்பிச் சளியப் பாப்பம். கிருமி இல்லையெண்டால் தாராளமாத் தூக்கலாம்."

"இருந்தால்?"

"ஐயா, முதல்ல எடுங்கோ."

ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றோடு பக்கத்து அரசாங்க மருந்துச்சாலைக்குப் போய், மிஸ்ஸின் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். நம்மை நம்புவதில்லை, நல்லதுதான். நானும் செல்வராணியும் ஒரே ஆட்டோவில் போவோம். ஆட்டோக்காரப் பையன் முதல் கிழமை கேட்டே விட்டான்: "ஐயாவும் ராணியக்காவும் விடிஞ்சதும் எங்க போறீங்க?"

"மாத்திரை திங்க. வாறியா? சும்மாதான் குடுக்கிறாங்க" என்றாள் அவள்.

உண்மையில் சும்மாதான் கொடுத்தார்கள். கை நிறைய மாத்திரை, படம், சளிப் பரிசோதனை, ஒருநாள் வராவிட்டால் போன் போட்டுத் திட்டுகிற மிஸ் வரை எல்லாம் இலவசம். இந்த நாட்டைப் பற்றி நான் எழுதிய புலம்பல்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். இதையும் எழுதாவிட்டால் கை அழுகிவிடும்.

மாத்திரை சுலபமில்லை. வயிற்றைப் பிரட்டும். சிறுநீர் செவ்விளநீர்க் காயின் நிறத்தில் போகும். சில நாள் காலையில் எழும்பவே மனம் வராது. 'ஒருநாள் விட்டால் என்ன?' என்று படுத்திருப்பேன். வாசலில் ஆட்டோவின் ஹோர்னுக்கு மேலாக அவள் குரல் கேட்கும்: "ஐயா! பேத்தி வேணுமா, தூக்கம் வேணுமா?" பேத்திதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அந்த ஆட்டோ பயணங்களில்தான் இதை யோசித்தேன். அவள் தாமதித்தது பயத்தால். சொன்னால் வேலை போய்விடும். நான் தாமதித்தது மரியாதையால். கேட்டால் என் கௌரவம் போய்விடும் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்க விடவில்லை. அவளையாவது ஒரு படம் பிடிக்கும் மெஷின் காப்பாற்றியது. அதற்கு யார் ஐயா, யார் கூலி என்று தெரியாது. எனக்கு அப்படி எந்த மெஷினும் இல்லை. ஊரை விட்டுப் போகிறவனைத்தான் சோதிக்கிறார்கள். ஊரிலேயே இருக்கிறவன் நெஞ்சை யார் பார்ப்பது? இருந்த இடத்திலேயே இருந்தவனுக்குக் கண்டுபிடிக்க அவளைவிட அதிக காலம் பிடித்தது. அதற்கும் கடைசியில் அவளே வர வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் முடிந்து மறுபடி அந்த மூலைக்குப் போனேன். துப்பினேன். ரிசல்ட் வரும் வரை நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லையாம். மனைவி சொல்கிறாள்.

"கிருமி ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்ற அதே கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவர் என் மனைவியைப் பார்த்து, "அம்மா, நீங்கள் விளங்கப்படுத்துங்கோ" என்றார்.

சம்பந்தியம்மாவுக்கு அந்த டொக்டரே போனில் பேசினார். அப்படிப் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எட்டாம் மாதம் மகள் வந்து இறங்கினாள். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து துணிகள் வெளியே வந்தன. அவற்றை வெட்டி, ஓரம் மடித்து, குழந்தையின் முதுகில் உறுத்தாமல் முடிச்சு வைத்துச் சட்டை தைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறந்தது பேத்திதான். செல்வராணியின் கணக்குத் தப்பவில்லை. என் மடியில் கிடக்கும் பேத்திக்கு இப்போது ஒரு மாதம்.

செல்வராணிக்கும் மருந்து முடிந்துவிட்டது. ஜோர்தானுக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறாள். நெஞ்சில் இருக்கும் தழும்பைக் காட்டி மறுத்தாலும் மறுப்பார்களாம். அவள் பிளைட்டைத் தவறவிட்டதால்தான் என் பேத்தி இந்த வீட்டுக்கு வந்தாள். இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருநாள் ஏதோ தடுமாறிச் சொல்லப் போனேன்.

"விடுங்கய்யா" என்றாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு. "அனுப்பலைன்னா இங்கேயே இருந்து உங்க உசுர வாங்குறேன்."

வாங்கட்டும். அவள் மீட்டுக் கொடுத்ததுதானே.

நேற்றுக் காலை பேத்தி தும்மினாள். பின்னும் ஒரு தும்மல். மகள் அலறினாள், மனைவி பிளாஸ்க்கைத் தூக்கினாள், செல்வராணி ஆட்டோவைக் கூப்பிட்டாள். நால்வரும் குழந்தையோடு மருந்துச்சாலைக்குள் புகுந்தோம். அங்கே புதிதாக வந்திருக்கும் பெண் டொக்டர் பதறிப்போய் எழுந்து, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷமா" என்றேன்.

பொய். பதினைந்துதான் இருக்கும்.